பொறுங்கோ, யோசிச்சுச் சொல்லுறன்

லண்டனக்காவிடம் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்பதற்கு முன்னால் அடுப்பைக் குறைத்துவிட வேண்டும். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அவர் இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே என்னுடைய நல்ல கேத்தில் ஒன்று தண்ணீர் வற்றிக் கருகிப்போனது.

"அக்கா, தேத்தண்ணியோ கோப்பியோ?"

"பொறுங்கோ தங்கச்சி, யோசிச்சுச் சொல்லுறன்."

சொல்லிவிட்டுக் குசினி ஜன்னலடியில் போய் நிற்பார். கீழே தெருவில் ஸ்கூட்டர்கள் போகும், பல்லரோ சந்தைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அக்காவின் நெற்றி சுருங்கும். கோட்டில் சாட்சி சொல்லப் போகிறவர்கூட அவ்வளவு யோசிக்க மாட்டார். கடைசியில் திரும்பி, "பால் விடாத தேத்தண்ணி. சீனி வேண்டாம்" என்பார். நான் ஊற்றப் போனால், "இல்லை, பொறுங்கோ. அரைக் கரண்டி போட்டுப் பாப்பம்" என்பார். எனக்கு வேலைக்கு நேரம் போய்க்கொண்டிருக்கும். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழவி வீட்டில் எனக்கு வேலை. அந்த சிஞ்ஞோரா நான் கொஞ்சம் பிந்தினாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தபடி நிற்பா. எனக்கோ வாய் நீளம். "அக்கா, தேத்தண்ணிதானே கேட்டனான், காணி எழுதித் தரச்சொல்லிக் கேக்கேல்லையே" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவேன்.

அவர் கோபிக்க மாட்டார். உண்மையாகவே சிரிப்பார். சிரித்தால் நாற்பத்து மூன்று வயதுக்காரி மாதிரி இருக்காது.

என் கணவருக்கு அவர் தூரத்து முறையில் அக்கா. லண்டனில் இருந்து ஒரு பெட்டியோடு வந்து, எங்கள் வீட்டின் சின்ன அறையை மூன்று மாதத்துக்கு வாடகைக்குக் கேட்டார். எதற்கு வருகிறார் என்று நான் கணவரிடம் கேட்டேன். விவாகரத்து முடிந்துவிட்டதாம், தன்னைக் கொஞ்சம் தேடிப் பார்க்க வேண்டுமாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் இங்கே தங்கியிருப்பதற்கான பெர்மெஸ்ஸோ பேப்பருக்காகக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில் விடியற்காலையில் போய் வரிசையில் நின்று கால் வீங்கித் திரும்புகிறோம். வன்னியில் இருந்து வந்த பிள்ளைகள், சாவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், மூச்சுக் காட்டாமல் ஹோட்டல் கோப்பை கழுவுகிறார்கள். லண்டன் பாஸ்போட்டோடு ஒரு பொம்பிளை தன்னைத் தேட வருகிறாவாம்! "அவ துலைஞ்சது லண்டனிலையெல்லே, இஞ்சை ஏன் தேடுறா?" என்று கேட்டேன். கணவர், "மெல்லக் கதையப்பா" என்றார்.

அதே கேள்வியைப் பிறகு அவரிடமே கேட்டேன். என்னால் ஒன்றையும் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியாது. அன்றைக்கும் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"லண்டனிலை எல்லாருக்கும் நான் அவரின்ரை மனுசி. கடைக்காரனுக்கும் தெரியும், கோயில் ஐயருக்கும் தெரியும். நான் போய் நிண்டா, அவருக்கு என்ன விருப்பமெண்டு தெரிஞ்சு அதைக் கட்டித் தருவாங்கள். இஞ்சை ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது."

இருபது வருசத்துக்குக் கிட்டக் குடும்பம் நடத்தியிருக்கிறார். அடி உதை இல்லை. குடிகூட இல்லை. எல்லாவற்றையும் மனுசன்தான் தீர்மானிப்பார், அவ்வளவுதான். என்ன நிறச் சீலை, எந்த வீடு, பிள்ளைக்கு என்ன பேர், சனிக்கிழமை என்ன கறி. கடைசியில் அவருக்கு வேலையிடத்தில் ஒருத்தியோடு பழக்கம் உண்டாகி, விவாகரத்து வேண்டும் என்றும் அவரே தீர்மானித்தார். அக்கா கையெழுத்து வைத்தார்.

"லோயர் பெட்டை ஒரு வெள்ளைக்காரி, நல்ல பிள்ளை. அவரை வெளியிலை இருக்கச் சொல்லிப்போட்டு என்னைத் தனியக் கேட்டவள், உங்களுக்கு என்ன வேணுமெண்டு. வீடோ, காசோ, பிள்ளையோ, என்ன வேணும் சொல்லுங்கோ எண்டாள். எனக்குத் தெரியேல்லை, தங்கச்சி. உள்ளுக்கை தேடிப் பாத்தன். ஒண்டும் இல்லை. நான் கதவைத் திரும்பிப் பாக்கிறன், அவர் வந்து சொல்லுவார் எண்டு. அண்டைக்குத்தான் நான் பயந்தது. அவர் விட்டிட்டுப் போறார் எண்டதுக்குக்கூட அவ்வளவு பயப்பிடேல்லை."

அதைச் சொன்னபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் உரித்துக்கொண்டிருந்தேன். நல்லதாய்ப் போய்விட்டது, என் கண்ணீருக்கு ஒருவரும் காரணம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கேத்திலைக் குறித்து நான் வாய் திறக்கவில்லை. என்று எழுத ஆசைதான். ஆனால் பொய் எழுதக்கூடாது. அதற்குப் பிறகும் ஏசினேன், கொஞ்சம் குறைவாக.

பல்லரோவில் அவரோடு சாமான் வாங்கப் போவது ஒரு தவம். மீன்கடைக்காரன் ஒருவன் இருந்தான், ஆள் பீப்பாய் போல, குரலும் அப்படித்தான். அக்கா அவன் முன்னால் நின்று வாள்மீனையும் கணவாயையும் மாறி மாறிப் பார்ப்பார். "சிஞ்ஞோரா, அல்லோரா?" என்று அவன் கத்துவான், என்ன முடிவு என்று. அக்கா கையை உயர்த்திப் பொறு என்று காட்டுவார். முதல் நாள் அவன் தலையில் அடித்துக்கொண்டான். மூன்றாம் தடவை போனபோது பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்து, சத்தம் போடாதே, சிஞ்ஞோரா யோசிக்கிறா என்று அதட்டினான். சந்தையே சிரித்தது. அன்றைக்குக் கணவாய் வாங்கினார். வீட்டுக்கு வந்து தானே பிரட்டல் வைத்தார், நல்ல உறைப்பாக, வாசம் மூன்றாம் மாடிவரை போனது. ஒரு வாய் வைத்தார். மென்றார். பிறகு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகம் சோதனை பாஸ் பண்ணிய பிள்ளையின் முகம்.

"தங்கச்சி, எனக்குக் கணவாய் விருப்பமில்லை!"

"என்ன விசர்க்கதை. வருசக்கணக்காச் சமைச்ச கை மாதிரியெல்லே கிடக்கு?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும் சமைச்சனான். சாப்பிட்டும் இருக்கிறன். எனக்கும் விருப்பம் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

கணவாய் முழுவதையும் நானும் என் கணவரும்தான் தின்று தீர்த்தோம். அவர் பாணும் சம்பலும் சாப்பிட்டார். நான் கேலி செய்தேன், ஆனால் அன்றிரவு படுக்கும்போது எனக்கு அந்த முகம் நினைவில் வந்து கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு முறை மொண்டெல்லோவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். என் கணவர் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்தார். அன்றைக்கு அவருக்கு லீவு. கடற்கரை முழுக்கக் குடையும் சனமும். "அக்கா, குளிக்கப் போறியளோ?" என்று கேட்டார். கேட்டிருக்கக்கூடாது. அக்கா மணலில் இருந்து கடலைப் பார்க்கத் தொடங்கினார். நாங்கள் சாப்பிட்டோம், குடித்தோம், கணவர் ஒரு தூக்கம் போட்டு எழும்பினார். வெயில் சரிந்து சனம் குடைகளை மடக்கும் நேரம் அக்கா எழுந்து, "ஓம், குளிக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு, போட்டிருந்த சுடிதாரோடு நேரே கடலுக்குள் நடந்தார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. நிற்கவில்லை. ஒரு பொம்பிளை, வாழ்வு உடைந்து வந்தவ, இப்படித் திரும்பிப் பாராமல் நடந்தால் நான் என்ன நினைப்பது? "ஐயோ அக்கா, வாங்கோ திரும்பி!" என்று கரையில் நின்று குளறினேன். இத்தாலியர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கழுத்தளவில் நின்று திரும்பினார்.

"பயப்பிடாதையுங்கோ. நிலம் காலிலை முட்டுது."

பஸ்ஸில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார். சாரதி முறைத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்கும் வரைக்கும் அவரோடு கதைக்கவில்லை.

அவருக்கு ஒரு மகள், பதினாறு வயது. பள்ளிக்கூடம் கிட்ட என்பதால் தகப்பனோடு அந்த லண்டன் வீட்டிலேயே இருந்தாள். அதுவும் மனுசன் தீர்மானித்ததுதான். சனிக்கிழமைகளில் அக்கா அவளை வைபரில் எடுப்பார். கதவைச் சாத்தினாலும் எங்கள் வீட்டில் எல்லாம் கேட்கும். "சாப்பிட்டியோ? சோதனை முடிஞ்சுதோ?" என்று அக்காவின் குரல் வரும், அந்தப் பக்கத்தில் இருந்து "ம்" வரும். ஒருநாள் மட்டும் பிள்ளை ஒரு முழு வசனம் சொன்னது. "நீங்கள் ஒரு வார்த்தை சண்டை பிடிக்காமல் போனனீங்கள் அம்மா." அக்கா போனை வைத்துவிட்டு வந்து கழுவிக் கிடந்த கோப்பைகளை எல்லாம் திரும்பவும் கழுவினார்.

இனி மலைக்கு வருகிறேன்.

பலெர்மோவில் இருக்கிற தமிழருக்கு மலை என்றால் மொண்டே பெல்லெக்ரினோ. மேலே குகைக்குள் புனிதை சாந்தா ரொசாலியா சிலையாகப் படுத்திருக்கிறா. வேதக்காரர் கோயில்தான், ஆனால் எங்கள் சைவச் சனம் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் வெறுங்காலோடு ஏறும். பெர்மெஸ்ஸோ கிடைக்க வேண்டும், பிள்ளை தங்க வேண்டும், ஊரில் தாய்க்குச் சுகம் வர வேண்டும் என்று ஒவ்வொருத்தருக்கும் ஒரு நேர்த்தி. நேர்த்தி இல்லாமல் அந்தக் கல்லுப்பாதையில் யாரும் பாதம் தேய நடக்க மாட்டார்கள். வந்த இரண்டாம் ஞாயிறு அக்காவும் வந்தார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. குகைக்குள் ஓரமாக நின்று கண்ணை மூடுவார். கூரைப் பாறையில் இருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அவர் கன்னத்திலும் தண்ணீர் ஓடும்.

என் கணவரின் மூத்த சகோதரி, எங்கள் மச்சாள், மேல்மாடியில் குடியிருந்தார். நல்ல மனுசி. ஊருக்கு ஒன்று என்றால் தன் சோற்றை வைத்துவிட்டு ஓடுவார். கூப்பிடாவிட்டாலும் ஓடுவார், அதுதான் பிரச்சினை. ஒருநாள் மலை இறங்கும்போது அக்காவைக் கேட்டார்.

"பிள்ளை, என்ன நேர்த்தி வைச்சிருக்கிறீர்?"

"இன்னும் ஒண்டும் வைக்கேல்லை அக்கா. யோசிக்கிறன்."

மச்சாள் என் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். "கேட்டனியே? வெக்கத்திலை மறைக்கிறா. மனுசனுக்காண்டித்தான் ஏறுறா, பாவம்."

"அப்பிடியெண்டு அவ சொன்னவவோ மச்சாள்?"

"சொல்லோணுமே? வாழாமல் வந்த பொம்பிளை சாமிக்கு முன்னாலை நிண்டு வேற என்னத்துக்கு அழுவாள்?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் மச்சாள் சொல்லிவிட்டார் என்றால் சொல்லிவிட்டார்தான். அடுத்த ஞாயிறு குகைக்குள் நின்று, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, அக்காவுக்காகத் தானே நேர்த்தி வைத்தார். பிரிந்த இரண்டு பேரும் சேர்ந்தால் சோடியாக மலை ஏற்றிக் கொண்டுவருவேன், அன்றைக்கு எல்லாருக்கும் பொங்கிப் போடுவேன் என்று. மற்றவர்களுக்காக நேர்த்தி வைப்பது எங்களுக்குள் சாதாரணம். யாருக்கு வைக்கிறோமோ அவரைக் கேட்கும் வழக்கம் இல்லை. அக்கா அன்றைக்கு முன்னால் நடந்து போய்விட்டார், அவருக்கு இது தெரியாது.

பிறகு நடந்ததெல்லாம் போனில் நடந்தது. மச்சாளின் கணவர் பக்கத்துச் சொந்தம் ஒன்று லண்டனில். அங்கே போய், அங்கேயிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய், கடைசியில் அந்த மனுசனின் காதுக்குச் செய்தி போனது. உன்ரை மனுசி உனக்காண்டி வெறுங்காலோடை மலை ஏறுறா. அந்த நேரம் பார்த்து அவருடைய மற்றப் பழக்கம் முறிந்திருந்தது. வீட்டில் தனியே மகளும் அவரும். கல்லாய் இருந்தாலும் கரையும்தானே. அவர் ஓடி வந்தார்.

எனக்கு இதெல்லாம் அவர் வந்து இறங்கிய ஞாயிறு, மலை இறங்கும்போதுதான் மச்சாள் சொன்னார். "உன்ரை வீட்டிலைதான் இருத்தியிருக்கிறன். தம்பி எயர்போட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்திட்டான். மரக்கறிச் சமையல் எல்லாம் விடியமுன்னமே முடிச்சிட்டன்." தம்பி என்றது என் கணவரை. அடி ஆத்தை! என் வீட்டில், என் மனுசனை வைத்து, எனக்குத் தெரியாமல்! "அக்காட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?" என்றேன். "நல்லதுக்கு ஏன் கேக்கோணும்?" என்றார். அவர் முகத்தில் துளி கள்ளம் இல்லை, கல்யாண வீட்டு முகம். பஸ்ஸில் அக்காவின் காதில் போடலாம் என்று பார்த்தேன். மச்சாள் அவருக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டார்.

வாசலில் புதிதாக ஒரு சோடிச் சப்பாத்து, நல்ல பொலிஷ். அக்கா அதைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார். யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

உள்ளே அந்த மனுசன் எழும்பி நின்றார். நான் மனதுக்குள் ஒரு அரக்கனைச் செய்து வைத்திருந்தேன். வந்திருந்தது மெலிந்த, கண் கீழே கறுத்த ஒரு ஆள். மடித்த கோட்டு கையில். அக்காவின் காலைத்தான் முதலில் பார்த்தார்.

"கால் நோகுதோ?"

அந்த ஒரு சொல்லுக்கு மச்சாள் மூக்கை உறிஞ்சினார். எனக்கும் நெஞ்சு இளகியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்கா மெல்ல, "இல்லை, பழகிட்டுது" என்றார்.

சாப்பாடு போட்டோம். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வடை, பாயசம். மச்சாள் அகப்பையை எடுத்த இடத்தில், "அவவுக்குக் காணும், மத்தியானத்திலை கனக்கச் சாப்பிட மாட்டா" என்று அந்த மனுசன் சொன்னார். அக்கா தன் கோப்பையைப் பார்த்தார். பிறகு அவர் சந்தோசமாகச் சொன்னார்:

"நாளைக்கு மத்தியானம் பிளைட். உனக்கும் போட்டிட்டன். ஜன்னல் பக்கம். உனக்கு ஜன்னல் பக்கம்தானே விருப்பம்."

"எனக்கோ?" என்றார் அக்கா. வேறு யாரையோ பற்றிக் கேட்பது போல இருந்தது. பிறகு, "உங்களை ஆர் வரச்சொன்னது?"

"நீ எனக்காண்டி மலை ஏறுறாய் எண்டு சொல்லிச்சினம். அதைக் கேட்டாப் பிறகு எனக்கு நித்திரை இல்லை."

அக்கா மச்சாளைத் திரும்பிப் பார்த்தார். மச்சாள் பாயசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார், கலக்கத் தேவையே இல்லாத பாயசம். அக்கா கத்துவார் என்று நினைத்தேன். நானாயிருந்தால் அந்தப் பாயசத்தை யாருடைய தலையிலாவது கவிழ்த்திருப்பேன். அவர் மிகவும் இரங்கிய குரலில், நோயாளிக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"நான் உங்களுக்காண்டி ஏறேல்லை."

மனுசனின் காது சிவந்தது. ஒரு வாய் சோறு கையில் அப்படியே நின்றது.

"பின்னை ஆருக்காண்டியாம்?" என்று மச்சாள் அழுகைக் குரலில் கேட்டார்.

"ஆருக்காண்டியும் இல்லை அக்கா. அந்தப் பாதை குண்டும் குழியும். அடுத்த கால் எங்கை வைக்கிறது எண்டு நான்தான் பாக்கோணும். அது எனக்குப் பிடிச்சிருக்கு. அதுக்குத்தான்."

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. அந்த மனுசன் சோற்றை உதறிவிட்டு, போனை எடுத்து மகளுக்கு அடித்து, வீடியோவைப் போட்டு அக்காவின் கையில் திணித்தார். "எனக்காண்டி வேண்டாம். இதுக்குச் சொல்லு" என்றார். பிள்ளையின் முகம் வந்தது. தலை வாரி இழுக்கவில்லை, கண் வீங்கியிருந்தது.

"அம்மா, வாங்கோ. ப்ளீஸ் அம்மா. வீடு வீடு மாதிரியே இல்லை."

"ம்" மட்டுமே சொல்லத் தெரிந்த பிள்ளை. ஓம் சொல்லப்போகிறார் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். எந்தத் தாயும் சொல்வாள். அக்காவின் உதடு ஆடியது.

"பொறு அம்மா. நான் யோசிச்சுச் சொல்லுறன்."

பிள்ளையின் விரல் திரைக்குக் கிட்ட வந்தது. பிறகு திரை கறுத்துவிட்டது. அக்கா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

நான் கதவைத் தட்டவில்லை, திறந்துகொண்டே போனேன். அவ்வளவு ஆத்திரம். தேத்தண்ணிக்கு யோசி, கணவாய்க்கு யோசி, கடலுக்கு யோசி. "பெத்த பிள்ளை அழுகுது, அதுக்கும் யோசனையோ? நெஞ்சு என்ன கல்லோ அக்கா உங்களுக்கு?" என்றேன்.

கட்டிலில் காலைத் தொங்கப்போட்டபடி இருந்தார். பாதத்தில் ஒரு கீறலில் இரத்தம் காய்ந்திருந்தது.

"இப்ப ஓம் எண்டு சொல்லியிருந்தா, அது என்ரை வாய்க்குப் பழகின ஓம், தங்கச்சி. அதை வைச்சுக்கொண்டு போனா ஒரு கிழமைதான் தாங்கும். பிறகு திரும்பவும் நான் அங்கை சமைச்சுக்கொண்டு நிப்பன், அவள் என்னைப் பாத்து ம் எண்டுவாள். அவள் கேட்டது அதை இல்லை."

"அப்ப என்னத்தைக் கேட்டவள்?"

"அதைத்தான் யோசிக்கிறன். போட்டு வாங்கோ."

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை அன்றைக்கு. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அந்த மனுசனை மச்சாள் தன் வீட்டில் படுக்க வைத்தார். மிஞ்சிய வடையை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலையில் நானும் அக்காவும் அந்த மனுசனோடு ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு நடந்தோம். அங்கேதான் எயர்போட் பஸ் நிற்கும். அக்காவின் கையில் பெட்டி இல்லை. அந்த மனுசன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். பஸ் கதவு திறந்தபோது அக்கா சொன்னார்.

"நான் பிள்ளையிட்டை வருவன். உங்களிட்டை வரமாட்டன். ஒரு அறை எடுத்து இருக்கப் போறன், அவள் நடந்து வரக்கூடிய தூரத்திலை."

"எல்லாருக்கும் சொல்லிப்போட்டு வந்தனான், கூட்டிக்கொண்டு வாறன் எண்டு" என்றார் அவர். அந்த நேரம் அவர் ஒரு சின்னப் பிள்ளை மாதிரிதான் இருந்தார், பாவம்.

"தெரியும். கோட்டைப் போடுங்கோ, அங்கை குளிரும்."

அவர் போட்டுக்கொண்டார். பஸ் போய்விட்டது. அக்கா அங்கேயே நின்று மகளுக்கு எடுத்தார். "அம்மா வாறன். ஆனா அந்த வீட்டுக்கு இல்லை" என்று தொடங்கினார். அந்தப் பக்கம் பிள்ளை என்ன சொன்னது என்று எனக்குக் கேட்கவில்லை. ஒரு நிமிசம்கூட இல்லை, போன் நின்றுவிட்டது. அக்கா அந்தப் பஸ் தரிப்பில், பெட்டி இழுத்துக்கொண்டு போகிற சனத்துக்கு நடுவில், நடைபாதை விளிம்பில் இருந்து வாய்விட்டு அழுதார். குகைக்குள் அழுகிற அழுகை இல்லை. "பிள்ளையை ஒரு ராத்திரி முழுக்க என்ரை பதிலைப் பாத்துக்கொண்டு இருக்க வைச்சிட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினேன். கிழவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதம் முடியுமுன் அக்கா லண்டனுக்குப் போனார். மச்சாள் வழியனுப்ப வரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு மலைக்கடியில் எல்லாருக்கும் பொங்கிப் போட்டார். அவர்கள்தான் சேரவில்லையே என்று கேட்டேன். "வைச்ச நேர்த்தி வைச்சதுதான். நான் ஆரையும் கேளாமல் வைச்சன், நான்தான் தீர்க்கோணும்" என்று சொல்லி எனக்கு இரண்டு அகப்பை கூடப் போட்டார்.

அக்காவிடம் இருந்து எப்போதாவது போன் வரும். ஒரு கடைக்கு மேலே சின்ன அறையாம். கட்டில், அடுப்பு, ஒரு ஜன்னல். மகளுக்கு விலாசம் அனுப்பிவிட்டாராம். வந்தவளோ என்று கேட்பேன். "இன்னும் இல்லை" என்பார். ஒவ்வொரு முறையும் அதே சொல், அதே குரல். மழைக்காலம் வந்தது, நத்தார்ப் பண்டிகை போனது. கேட்பதையே நான் விட்டுவிட்டேன், எனக்குத்தான் தாங்கவில்லை.

மாசி மாதமாக இருக்க வேண்டும். சிஞ்ஞோராவின் குசினியில் சட்டி மினுக்கிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. சோப்புக் கையோடு எடுத்தேன்.

"தங்கச்சி, வந்தவள்."

என் வாயில் சொல் வரவில்லை. எனக்கு, பாருங்கள், சொல் வரவில்லை.

"இப்பதான் போறாள். பள்ளிக்கூடப் பையோடை வந்து கதவைத் தட்டினவள். வேற ஒரு கதையும் இல்லை. அம்மா, பசிக்குது எண்டாள்."

"என்ன குடுத்தனீங்கள்?"

"முட்டைதான் இருந்தது. பொரிச்சுப் பாணோடை குடுத்தன். ரெண்டு பேரும் நிண்டுகொண்டுதான் சாப்பிட்டம். இஞ்சை கதிரை ஒண்டுதானே கிடக்கு, நீ இரு எண்டு நானும், நீங்கள் இருங்கோ எண்டு அவளும்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வையுங்கோ தங்கச்சி, கடை பூட்டப் போறாங்கள். நான் போய் இன்னொரு கதிரை வாங்கிக்கொண்டு வாறன்."